ஐ.பி. முகவரியை ஒளித்துத்தான் ஆக வேண்டுமா?

மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் வந்ததைப் போல இன்று இணையமும் இல்லந்தோறும் வந்து நிலைத்துவிட்டது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் தொடங்கியபோது, அது பெருநகரங்களில் வாழ்ந்த ஒரு சிலருக்கே எட்டிய அதிசயமாக இருந்தது. இன்றோ பாட்டி கைபேசியில் திருப்பலி காண்கிறார், அப்பா மின்கட்டணத்தை வீட்டிலிருந்தபடியே செலுத்துகிறார், தம்பி விளையாடுகிறான், நம் மாணவியர் பாடம் படிக்கின்றனர். (படிப்பதாகச் சொல்கின்றனர் என்றும் கொள்ளலாம்.) வசதி நுழைந்த வாசல் வழியே அச்சமும் நுழைவது உலக இயல்பன்றோ? அவ்வாறு நுழைந்த அச்சங்களுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

இணையத்தில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்தால், சில வேளைகளில் சிவப்பு எழுத்துக்களில் ஓர் எச்சரிக்கை தோன்றும். உங்கள் ஐ.பி. முகவரி வெளியே தெரிகிறது, நீங்கள் இருக்கும் ஊர் இன்னது, உடனே மறைத்துக்கொள்ளுங்கள் என்று அது பதறும். கீழே பார்த்தால் வி.பி.என். என்னும் சேவையை விற்கும் கம்பெனியின் பெயர் இருக்கும். நம்மைப் பயமுறுத்துபவரே மருந்தும் விற்கிறார்! மாதம் சில நூறு ரூபாய் கட்டினால் முகவரி மறைந்துவிடும், அமைதியாக உறங்கலாம் என்பது அவர் தரும் உறுதி. இதைக் கண்டு அஞ்சிப் பெற்றோரிடம் பணம் கேட்கும் மாணவியரும் உண்டு; பணமில்லாமல் இலவசமாகக் கிடைப்பதைக் கைபேசியில் இறக்கிக்கொள்வோர் அதனினும் அதிகம். சாதாரணமாக வீட்டிலிருந்து இணையத்தைப் பயன்படுத்தும் ஒருவருக்கு இது தேவைதானா? தேவையில்லை என்பதே என் கருத்து. சில விலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்வேன்.

முதலில் ஐ.பி. முகவரி என்பது யாது என்று பார்ப்போம். இணையத்தில் நாம் ஒரு தளத்தைக் கேட்கிறோம். அத்தளம் நமக்கு விடை அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது என்று தெரிந்தாலன்றோ அனுப்ப முடியும்? கடிதத்தின் பின்புறம் ‘அனுப்புநர்’ என்று எழுதுகிறோமே, அதுவே ஐ.பி. முகவரி. நான்கு எண்களைப் புள்ளி வைத்து எழுதும் பழைய முறை 1981-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. அம்முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே இயலும். அன்று அது கடல் போலத் தோன்றியிருக்கும். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. எனவேதான் பல இணையக் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. ஒரே காம்பவுண்டுக்குள் பத்துக் குடித்தனங்கள் இருந்து, வெளிக்கதவில் ஓர் எண் மட்டும் எழுதியிருந்தால் எப்படியோ அப்படி! அந்த எண்ணும் நிலையானதன்று. பல வீடுகளில் மோடம் பெட்டியை அணைத்துப் போட்டாலே மாறிவிடும்.

புதிய முறை ஒன்றும் வந்துள்ளது. அதில் முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். இதனால் ஆளை எளிதில் அறியலாமே என்று கேட்கலாம். அதற்காகவே முகவரியின் பின்பாதியைக் கைபேசியும் கணினியும் அவ்வப்போது தாமே மாற்றிக்கொள்ளும்படி அமைத்துள்ளனர். முன்பாதி எந்த வீட்டு இணைப்பு என்பதைக் காட்டவே செய்யும், அதை மறுப்பதற்கில்லை.

சரி, அந்த எண் பிறர் கையில் கிடைத்தால் என்ன தெரியும்? இன்ன கம்பெனியின் இணைப்பு என்பது தெரியும்; ஊர் ஏறக்குறையத் தெரியும். சிற்றூரில் இருப்பவரை அடுத்த பெருநகரத்தில் இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. தெருவும் கதவு எண்ணும் பெயரும் அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. அவை இணைப்புக் கொடுத்த கம்பெனியின் கணக்கேட்டில் இருக்கின்றன. சட்டப்படி காவல்துறை கேட்டால் அங்கிருந்து பெறலாம். தெருவில் போகும் எவரும் கேட்டுப் பெறுவதற்கில்லை.

எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நம்பத்தகாதது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு கதை போதும். கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்னும் சிற்றூரின் அருகே ஒரு பண்ணை வீடு. அவ்வீட்டுக்குக் காவலர் வருவர், வரித்துறையினர் வருவர், ஆம்புலன்சு வண்டி வரும், ஏமாற்றப்பட்டவர்கள் கோபத்தோடு வந்து, திருடன் எங்கே என்று கேட்பர். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. ஒரு பாவமும் அறியாத அக்குடும்பத்தாருக்குக் காரணமே விளங்கவில்லை. 2016-ஆம் ஆண்டு பத்திரிகை ஒன்றின் விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. ஐ.பி. முகவரிகளுக்கு ஊர் குறித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி, அமெரிக்கா என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் அந்நாட்டின் நடுப்புள்ளியைச் சுமாராகக் கணக்கிட்டு எழுதி வைத்திருந்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டின் தலையில்! செய்தி வெளியான பின் அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவே மாற்றினார்களாம். மீன்களை யாரும் கைது செய்ய மாட்டார்கள் அல்லவா?

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பின் அறியாத ஒருவன் ஒரு பெண்ணிடம் இணையத்தில் நயமாகப் பேசுவான். பிறகு ஏதோ ஒரு இணைப்பை அனுப்பி, ‘இதைத் திறந்து பார்’ என்பான். அவள் திறந்த அளவில் அவளுடைய ஐ.பி. முகவரி அவனுக்குப் போய்விடும். உடனே குரல் மாறும். ‘உன் முகவரி என் கையில். உன் ஊர் இது. உன் வீடு எனக்குத் தெரியும். நான் கேட்கும் படத்தை அனுப்பாவிட்டால் உன் வீட்டு வாசலில் நிற்பேன்’ என்பான். ஊரின் பெயர் சரியாக இருப்பதைக் கண்டதும் அந்தப் பெண் நடுங்கிப் போகிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த நிலை. வீட்டில் சொன்னால் கைபேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் வேறு. அவன் கேட்டதைச் செய்துவிட்டால் தொல்லை தீரும் என்று நினைக்கிறாள். அவளை அழிப்பது அந்த எண் அன்று. அந்த எண்ணுக்கு இல்லாத வல்லமை இருப்பதாக அவள் நம்புவதே அவளை அழிக்கிறது.

ஆகவே நம் மாணவியர் ஒவ்வொருவரும் இதை நெஞ்சில் இருத்த வேண்டும். ஐ.பி. முகவரியை வைத்துக்கொண்டு அப்படிப்பட்டவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அவன் பொய் சொல்கிறான். அவன் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாமல் அப்படியே படம் பிடித்து வையுங்கள். ஒன்றும் அனுப்பாதீர்கள். அன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லத் தயக்கமானால் வகுப்பாசிரியையிடமோ தலைமைச் சகோதரியிடமோ சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலேயே தெரிவிக்க வழி செய்திருக்கிறார்கள். விசாரணை வந்தால் காவல்துறை கேட்டுப் பெறுவது யாருடைய முகவரியை? அவனுடைய ஐ.பி. முகவரியை! அவன் செய்தி அனுப்பிய நாளும் நேரமும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், ஒரே எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்தாலும் கம்பெனியின் பதிவேட்டிலிருந்து அவனைத் தேடிப் பிடிக்க வழி உண்டு. செய்திகளை அழிக்க வேண்டாம் என்று சொன்னது அதனால்தான்.

வீட்டு வாசலைப் பிறருக்குக் காட்டிக்கொடுப்பவை வேறு சில. பள்ளிச் சீருடையும் அதன்மேல் பள்ளியின் சின்னமும் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படம், பொங்கலன்று வாசற்கோலத்தோடு சேர்த்துக் கதவு எண்ணையும் காட்டும் படம், தினமும் ஏறும் பேருந்தின் எண், ‘இப்போது இங்கே இருக்கிறோம்’ என்று இடத்தைக் குறித்துப் போடும் செய்தி, பிறந்த நாள். ஐ.பி. முகவரியை மறைக்கப் பணம் கட்டிய அதே மாலையில் இவற்றையெல்லாம் நானூறு பேருக்குக் காட்டும் பெண்ணை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. வாயிற்கதவைப் பூட்டிவிட்டுப் பின்சுவரை இடித்துப் போட்டது போலாயிற்று!

இனி அந்த வி.பி.என். செய்வதுதான் என்ன? நம் கடிதத்தைத் தபால்காரர் பார்த்துவிடுவாரே என்று, அதை வேறோர் உறைக்குள் இட்டு, பக்கத்து ஊரிலுள்ள ஒருவருக்கு அனுப்புகிறோம். அவர் பிரித்து, தம் பெயரில் மறுபடி அஞ்சல் செய்கிறார். பெறுபவருக்கு நம் முகவரி தெரியாது; தபால்காரருக்கு நாம் யாருக்கு எழுதினோம் என்பது தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு இரண்டுமே தெரியும். அவர் யார்? நல்லவரா? இலவசமாக இந்த வேலையைச் செய்ய அவருக்கென்ன தலைவிதியா?

ஒனாவோ என்ற செயலியின் வரலாறு இதற்குச் சான்று. உங்கள் விவரங்களைக் காப்போம் என்று கூறி அது இலவசமாகக் கிடைத்தது. அதை 2013-இல் பேஸ்புக் நிறுவனம் வாங்கியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் அதன் வழியே திரட்டித் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது. 2019-இல் அது மூடப்பட்டது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக அக்குழுமத்தின் இரு நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மறைப்பதற்கென்று வாங்கிய திரையே ஒட்டுக்கேட்ட கதை இது. காசு வாங்கும் கம்பெனிகள் அனைத்தும் இப்படியென்று நான் சொல்லவில்லை; ஒழுங்காக நடப்பவையும் உள்ளன. ஆயினும் நம் ஊரில் அலுவலகம் வைத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இணையக் கம்பெனியை நம்பாமல், எந்த நாட்டிலோ இருக்கும் பெயர் தெரியாத ஒருவரை நம்புவதில் என்ன அறிவுடைமை?

மேலும், தபால்காரர் கடிதத்தைப் படித்துவிடுவார் என்ற பழைய பயத்துக்கு இன்று பெரும்பாலும் இடமில்லை. பூட்டுப் போட்ட முறையில் இயங்கும் தளங்களே இன்று மிகுதி. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லோ, நீங்கள் எழுதும் செய்தியோ இடையிலுள்ள கம்பெனிக்குத் தெரியாது. உறையின் மேல் எழுதிய பெயர், அதாவது எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும் தெரியும். முகவரியை மறைத்தால் விளம்பரக் கம்பெனிகள் நம்மைப் பின்தொடர முடியாது என்று நினைப்பதும் சரியன்று. அவர்கள் வேறு வழிகளில் அடையாளம் காண்கிறார்கள். திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு போன்ற சிறு சிறு விவரங்களைச் சேர்த்தாலே ஒரு கருவியை இனங்காணலாம். 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் என்னும் அமைப்பு நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளுள் நூற்றுக்கு 83-க்கும் மேற்பட்டவை மற்றெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்துத் தெரிந்தன. அதற்கும் மேலாக, நம் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்துவிட்ட தளத்தில் எந்த முகவரியை ஒளித்து என்ன பயன்? முக்காடு போட்டுக்கொண்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இடுவது போன்றதே அது.

இவ்வளவும் சொன்னதால், ‘தவறு செய்யாதவளுக்கு ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பெரியவர்களின் பக்கம் நான் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தக் கேள்வியை நான் ஒப்பவில்லை. விடுதி மாணவியர் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், பொறுப்பாளர் படித்த பின்னரே அவை அஞ்சலுக்குப் போகும் என்ற விதி பல கான்வென்டுகளில் இருந்த காலம் ஒன்று உண்டு. அக்கடிதங்களில் குற்றம் ஒன்றும் இருந்திராது. ‘அம்மா, உங்கள் நினைவாகவே இருக்கிறது’ என்றிருக்கும். இருந்தாலும் அதைப் பிறர் படிக்கிறார் என்று தெரிந்தால் பெண் அதை எழுதுவாளா? பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குத் திரையும் கம்பிச் சட்டமும் வைத்த நம் திருச்சபை, மனிதருக்கு மறைவு வேண்டும் என்பதை நன்கு உணர்ந்தே வைத்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த அமர்வில், அந்தரங்கம் காக்கப்படுவது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ, மாறிக்கொண்டே இருக்கும் ஐ.பி. முகவரியும்கூடச் சில நிலைமைகளில் ஒருவரின் சொந்த விவரமாகவே கருதப்படலாம் என்று 2016-இல் கூறியது.

பழைய டெலிபோன் டைரக்டரியை நினைத்துப் பாருங்கள். பெயர், கதவு எண், தெரு எல்லாம் அதில் அச்சாகி ஊர் முழுவதும் கிடந்தது, ஒருவரும் அஞ்சவில்லை. அப்படியிருக்க வெறும் எண்ணுக்கு அஞ்சுவானேன் என்று நானே மாணவியரிடம் சொல்வதுண்டு. அதற்கு ஒரு மாணவி, “டைரக்டரியில் நம் முகவரி இருந்தது, மிஸ். நாம் யார் யாரோடு பேசினோம் என்பது இல்லையே” என்றாள். சரியான கேள்வி! எண் தெரிவதில் பெரிய தீங்கு இல்லை. அந்த எண்ணோடு நாம் போன இடங்களையெல்லாம் சேர்த்து ஆண்டுக்கணக்கில் எழுதி வைப்பதில்தான் கவலை இருக்கிறது. அதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டுமேயன்றி, பதினைந்து வயதுப் பெண் தன் கைச்செலவுக் காசில் தீர்த்துக்கொள்ள முடியாது. நம் அரசு 2023-இல் தனிநபர் விவரப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், வி.பி.என். கம்பெனிகள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐ.பி. எண் முதலியவற்றை ஐந்தாண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. அதை ஏற்காமல் சில பெரிய கம்பெனிகள் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. ஐந்தாண்டு என்பது மிகை என்பது என் எண்ணம். குற்றவாளியைப் பிடிக்க அவ்வளவு நாள் வேண்டாம். குற்றமற்றவரைப் பற்றி அவ்வளவு நாள் எழுதி வைக்கவும் வேண்டாம்.

மறைப்பு உண்மையிலேயே தேவைப்படுவோரும் உள்ளனர். ஊழலை வெளிப்படுத்தும் பத்திரிகையாளருக்கு அது தேவை. அவரிடம் செய்தி கொடுக்கும் அலுவலக எழுத்தருக்கு இன்னும் தேவை. அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து தப்பி வந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியக் கூடாது என்றிருக்கும் பெண்ணுக்குத் தேவை. செய்தி படிப்பதே குற்றமாகிவிட்ட நாடுகளில் வாழ்வோருக்குத் தேவை. இத்தகையோருக்காகவே டோர் என்னும் இலவச ஏற்பாடு இருக்கிறது. மூன்று இடங்கள் வழியாக மாற்றி மாற்றி அனுப்புவதால், இடையிலுள்ள ஒருவருக்கும் இரு முனையும் தெரியாது. இதே மறைப்பைத் தீயோரும் பயன்படுத்துவது வேதனை. 2024 பிப்ரவரியில் சென்னையில் பல பள்ளிகளுக்கு ஒரே நாளில் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்து, பெற்றோர் பதறியோடிப் பிள்ளைகளை அழைத்துப் போனதை நாம் மறக்கவில்லை. அதற்காகக் கருவியையே தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சியன்று. கத்தியை எல்லா வீட்டிலிருந்தும் பறிக்க முடியுமா?

நம் போன்றோர் வீட்டில் அதைப் போட்டுக்கொண்டால் தொல்லைதான் மிகுதி. வங்கித் தளம் நம்மை வெளிநாட்டுக்காரர் என்று எண்ணிச் சந்தேகிக்கும். அரசுத் தளங்கள் சில வெளிநாட்டு முகவரிக்குத் திறப்பதே இல்லை. விண்ணப்பத்தின் கடைசி நாளில் இந்தக் கூத்து வேண்டுமா?

காசில்லாமல் செய்யத்தக்கவை சில இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் இருவர் மட்டும் பேசும்போது அழைப்பு நேராகச் செல்வதால், எதிரில் இருப்பவர் முயன்றால் நம் ஐ.பி. முகவரியை அறியக்கூடும். 2023 நவம்பரில் அதை மறைக்கும் வசதியை அந்நிறுவனமே கொடுத்தது. அமைப்புகளில் அந்தரங்கம் என்ற பகுதியில், மேம்பட்டவை என்பதன் கீழ் அது இருக்கிறது. ஒரு தடவை விரலால் தொட்டால் போதும். குரல் சிறிது தெளிவு குறையலாம், அவ்வளவே. தெரியாதவர் அனுப்பும் இணைப்புகளைத் திறவாதிருங்கள். வீட்டு மோடம் பெட்டியை இன்றே திருப்பிப் பாருங்கள். அதனுள் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் கீழே ஒட்டிய சீட்டில் அச்சிட்டபடியே இருக்கின்றனவா? எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ‘அட்மின்’ என்ற சொல்லாக இருந்தால் இன்றிரவே அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்லி மாற்றச் செய்யுங்கள். மாற்றத் தெரிந்தால் நீங்களே மாற்றலாம், எட்டாம் வகுப்புக் கணினிப் பாடம் கற்றவருக்கு அது கடினமன்று. மாற்றிய சொல்லை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டை வைக்கும் உறையில் போட்டு வையுங்கள். பெட்டியின் மேலேயே ஒட்டி வைக்க வேண்டாம்.